தன்னம்பிக்கை... தவணை முறையில்!

ஒரு சனிக்கிழமை முழுக்க எங்கள் ஆபீஸ் ஆட்களை ஹோட்டல் ஹாலில் உட்கார வைத்துத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்தார்கள். கோட்டு போட்ட பயிற்சியாளர், "எல்லாரும் எழுந்திருங்க! கையை உயர்த்துங்க! 'என்னால் முடியும்'னு மூணு தடவை கத்துங்க!" என்றார். கத்தினோம். பக்கத்து ஹாலில் ஏதோ நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பயந்தே போயிருப்பார்! மத்தியானம் சாப்பாடு பிரமாதம். சாயந்திரம் ஆளுக்கொரு பேனா, ஒரு சான்றிதழ். மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு மீட்டிங். மானேஜர் ஒரு கேள்வி கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பருக்குப் பதில் தெரியும். போன வாரம் பூராவும் அந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். வாயைத் திறந்தார்... மூடிக்கொண்டார். அதே பதிலை இரண்டு நிமிஷம் கழித்து இன்னொருவர் பாதி தப்பும் பாதி இங்கிலீஷுமாகச் சொல்லி, மானேஜரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டீ குடிக்கும்போது நண்பர் சொன்னார்: "எனக்குத் தன்னம்பிக்கை கம்மி சார். பிறவிக் குணம்."

இந்தப் 'பிறவிக் குணம்' என்கிற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. ரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு, ஹீமோகுளோபின் இவ்வளவு, தன்னம்பிக்கை இவ்வளவு என்று யாரும் அளந்து சீட்டுக் கொடுப்பதில்லை. அப்புறம் எப்படி 'கம்மி' என்று முடிவு கட்டினார்? இதைப் பற்றி மனோதத்துவக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் துருவிப் பார்த்தேன். சுவாரஸ்யமான சமாசாரங்கள் கிடைத்தன.

வவுச்சர் எங்கே?

முதலில் அந்தக் கத்தல் வைத்தியம். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் ஒரு சிங்கம்' என்று பத்துத் தடவை சொன்னால் சிங்கமாகி விடலாமா?

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் என்ற பெண் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 'நான் அன்புக்குரிய ஆள்' என்ற ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். ஏற்கெனவே தங்களைப் பற்றி நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு இதனால் கொஞ்சம் நன்மை. ஆனால், தங்களைத் தாங்களே மட்டமாக நினைத்துக் கொண்டிருந்தவர்களுக்கு, அதாவது இந்த மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கு, சொல்லிய பிறகு மனசு முன்பை விட மோசமாகி விட்டது!

ஏன் அப்படி? நமக்குள்ளே ஒரு ஆடிட்டர் உட்கார்ந்திருக்கிறார். பொல்லாத மனுஷன். 'நான் சிங்கம்' என்று நாம் ஒரு வரவு எழுதியவுடன், கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்து, "வவுச்சர் எங்கே?" என்கிறார். நம்மிடம் வவுச்சர் இல்லை. உடனே அவர் பழைய ஃபைலை எல்லாம் எடுத்துப் போடுகிறார். 'பத்தாம் வகுப்பில் மேடையில் உளறியது... போன மாதம் மானேஜர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது...' சிங்கம் வாலைச் சுருட்டிக் கொள்கிறது.

ஆக, இந்த ஆடிட்டரைக் கத்தி ஏமாற்ற முடியாது. வவுச்சர் காட்டித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கணக்குத் தலைப்புகளைச் சரியாகப் பிரித்துக் கொள்ளலாம்.

ஒரே சட்டையில் மூன்று ஆசாமிகள்

'தன்னம்பிக்கை' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி ஆசாமிகள் ஒளிந்திருக்கிறார்கள்.

முதல் ஆசாமி சுயபிம்பம். நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குள்ளே மாட்டி வைத்திருக்கும் படம். 'நான் அமைதியானவன், நான் கணக்கில் கெட்டி, நான் கூச்ச சுபாவி' இப்படி.

இரண்டாவது சுயமதிப்பு. அந்தப் படத்துக்கு நானே போட்டிருக்கும் விலை. 'அமைதியானவன்' என்று ஒருவர் தன்னைப் பற்றிப் பெருமையாகவும் சொல்லலாம், 'அமைதியானவன்... அதனால்தான் உருப்படலை' என்று அலுத்துக் கொள்ளவும் செய்யலாம். படம் ஒன்றுதான். விலைதான் வேறு.

மூன்றாவதுதான் தன்னம்பிக்கை. இந்த ஒரு காரியத்தை என்னால் செய்ய முடியும் என்கிற எதிர்பார்ப்பு.

நம்ம நண்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில், டிராஃபிக்கில், பின்னால் மனைவி, முன்னால் குழந்தை, நடுவில் ஒரு மூட்டை அரிசியோடு அண்ணா சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். அப்போது அவருக்குத் தன்னம்பிக்கை கம்மியா? மைக்கைக் கொடுத்தால்தான் கைகால் உதறுகிறது. ஆகவே 'எனக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்பது முடிவு பெறாத வாக்கியம். யாராவது அப்படிச் சொன்னால் உடனே கேளுங்கள்: "எதில்?" அந்த ஒரு கேள்வியிலேயே பாதி பாரம் இறங்கிவிடும். 'நானே சரியில்லை' என்பது 'மீட்டிங்கில் பேசுவது எனக்கு இன்னும் வரவில்லை' என்று சுருங்கிவிடும். முன்னதற்கு மருந்து கிடையாது. பின்னதற்கு உண்டு.

படத்தை மாட்டியது யார்?

சுயபிம்பத்தை நாமாகவா வரைந்தோம்? நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். விருந்தாளி வந்திருக்கிறார். பையன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான். அம்மா சொல்கிறாள்: "அவன் ரொம்பக் கூச்ச சுபாவம். யார்கிட்டயும் பேச மாட்டான்." அத்தை தன் பங்குக்கு, "கணக்கும் வராதாமே?" என்கிறாள். அவ்வளவுதான்! ஆணி அடித்தாயிற்று, படம் மாட்டியாயிற்று. அத்தை காபி குடித்துவிட்டுப் போய் இருபது வருஷம் ஆன பிறகும் படம் அங்கேயே தொங்குகிறது.

சார்லஸ் கூலி என்ற அமெரிக்க சமூகவியல்காரர் 1902-லேயே இதற்குக் 'கண்ணாடி சுயம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார். மற்றவர்கள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று கற்பனை செய்கிறேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்வார்கள் என்றும் கற்பனை செய்கிறேன். பிறகு அந்தத் தீர்ப்பை நினைத்துப் பெருமையோ அவமானமோ படுகிறேன். கவனியுங்கள், மூன்று படியில் முதல் இரண்டும் கற்பனை! மானேஜர் நிஜமாக என்ன நினைக்கிறார் என்பதே கணக்கில் வரவில்லை. அவர் ஒருவேளை தன் வீட்டுத் தண்ணீர் லாரி வந்ததா என்று யோசித்துக் கொண்டிருக்கலாம்.

இந்தக் கற்பனை எவ்வளவு ஊதிப் பெருகும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் செய்து 2000-ல் வெளியிட்டது. ஒரு மாணவனுக்கு, அந்த வயசுப் பிள்ளைகள் போட்டுக்கொள்ள வெட்கப்படுகிற, பாரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், "எத்தனை பேர் உன் சட்டைப் படத்தைக் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். சுமார் பாதிப் பேர் என்று சொன்னார்கள் சட்டை போட்டவர்கள். நிஜத்தில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

நாம் உளறினால் ஊரே பார்க்கிறது என்று நினைக்கிறோம். ஊரில் பாதிப் பேர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்!

ஒரு வகுத்தல் கணக்கு

அடுத்து சுயமதிப்பு. வில்லியம் ஜேம்ஸ் என்ற மனோதத்துவ மேதை 1890-ல் இதை ஒரு வகுத்தல் கணக்காகவே எழுதிக் காட்டினார். மேலே, நாம் அடைந்த வெற்றி. கீழே, நாம் ஆசைப்பட்டுப் பந்தயம் கட்டியது. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் வருவதுதான் சுயமதிப்பு. மேலே உள்ளதைக் கூட்டினாலும் சரி, கீழே உள்ளதைக் குறைத்தாலும் சரி, விடை உயரும்.

தன்னையே உதாரணமாகச் சொன்னார் ஜேம்ஸ். மனோதத்துவத்தில் தன்னை விட ஒருவனுக்கு அதிகம் தெரிந்தால் தனக்கு அவமானமாக இருக்கும். கிரேக்க மொழியில் தான் அடிமுட்டாளாக இருப்பது பற்றிக் கொஞ்சமும் வருத்தமில்லை என்றார். பந்தயம் எதில் கட்டியிருக்கிறோமோ அங்கேதான் வலிக்கும்.

நம்மில் பலர் எதில் பந்தயம் கட்டியிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. சித்தப்பா பையன் வாங்கிய கார், கூடப் படித்தவன் போன அமெரிக்கா, பெண் பார்க்கப் போன இடத்தில் "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்ட மாமா... எல்லாமே கோட்டுக்குக் கீழே ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. மேலே நாம் என்ன சேர்த்தாலும் விடை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'இதில் எதெல்லாம் நானாகக் கேட்டது, எதெல்லாம் ஊர் என் தலையில் கட்டியது?' ஊர் கட்டியதை அடித்துவிடலாம். காசு செலவில்லை.

ஒரு சர்க்காரே சுயமதிப்பை வளர்க்கக் கிளம்பிய கதையும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1986-ல் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழு போட்டார்கள். ஜனங்களின் சுயமதிப்பை உயர்த்திவிட்டால் குற்றம், போதைப் பழக்கம், படிப்பில் தோல்வி எல்லாம் குறையும் என்று நம்பிக்கை. 1990-ல் அறிக்கையும் வந்தது. ஆனால் ராய் பாமைஸ்டர் என்ற பேராசிரியரும் மூன்று சகாக்களும் கிடைத்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி 2003-ல் ஒரு குண்டு போட்டார்கள். சுயமதிப்பை ஏற்றிவிடுவதால் மார்க் ஏறுவதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் நன்றாகப் படிப்பதால் வருவதுதான் சுயமதிப்பு! சும்மா முதுகில் தட்டிக் கொடுப்பதால் மட்டும் பையன் பாஸாவதில்லை. அதே சமயம், தன்னை மதிப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரு தடவை தோற்றால் மறுபடி முயற்சி செய்கிறார்கள் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் செய்கை முதலில், பெருமை பிறகு. சரி, பயந்து நடுங்குகிறவன் எப்படிச் செய்கையில் இறங்குவது?

பாம்பும் பேராசிரியரும்

இதற்குப் பதில் சொன்னவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் 1925-ல் பிறந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2021-ல் மறைந்தவர். 1960-களின் கடைசியில் அவரும் சகாக்களும் பாம்பென்றால் குலை நடுங்கும் ஆசாமிகளைச் சேர்த்தார்கள். தோட்ட வேலையைக் கூட விட்டுவிட்டவர்கள் அதில் உண்டு. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

பண்டூரா அவர்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. விஷமில்லாத ஒரு பாம்பைக் கொண்டு வந்தார். முதலில், வேறொருவர் அதைக் கையாள்வதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் போதும். அடுத்து, அதே அறைக்குள் வந்து நின்றால் போதும். அதற்கடுத்து, இன்னொருவர் தலையையும் வாலையும் பிடித்துக் கொள்ள, கையுறை மாட்டிக்கொண்டு நடுவில் லேசாகத் தொட்டால் போதும். பிறகு கையுறை இல்லாமல். பிறகு துணை இல்லாமல். கடைசியில், அவர்களில் பெரும்பாலானவர்கள் பாம்பைத் தங்கள் மடியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்! பாம்பைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களை விட, இப்படிப் படிப்படியாகத் தொட்டவர்களே அதிகம் தேறினார்கள்.

1977-ல் பண்டூரா இதை ஒரு தத்துவமாகவே எழுதினார். 'என்னால் முடியும்' என்கிற நம்பிக்கை நாலு வழியாக வருகிறது. ஒன்று, நாமே செய்து முடித்தது. இரண்டு, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது. மூன்று, மற்றவர்கள் சொல்லும் ஊக்க வார்த்தை. நாலு, நம் உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக் கொள்கிறோம் என்பது. இந்த நாலில் வலுவானது முதலாவது. ஹோட்டல் ஹாலில் கத்தியது மூன்றாவது. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் சூரிய உதயப் பொன்மொழியும் அதே ஜாதிதான்.

முதலாவதுதான் வவுச்சர். அது மொத்தமாகக் கிடைக்காது. தவணை முறையில்தான் சேரும்.

முப்பது ரூபாய் குமாஸ்தா

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சோதனைக்கூடத்துல சார்... நம்ம ஊர் ஆபீஸ்ல?" என்பீர்கள். நம்ம ஊர் ஆபீஸ்காரர் ஒருவர் கதையையே சொல்கிறேன்.

அவர் கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர எதிலும் கவனமில்லாமல் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சை தேறவில்லை. கல்யாணமும் ஆகிவிட்டது. வேலை இல்லை. நம்ம அத்தை பார்த்திருந்தால் என்ன படம் மாட்டியிருப்பாள்! கடைசியில் 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக, மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் உட்கார்ந்தார். பெயர் ராமானுஜன்.

1913 ஜனவரி 16 அன்று அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். அதன் ஆரம்பத்தைத்தான் நான் ஒவ்வொரு இளைஞனும் கவனிக்க வேண்டும் என்பேன். தான் துறைமுக ஆபீஸில் ஒரு குமாஸ்தா, வருஷத்துக்கு இருபது பவுண்டுதான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதலிலேயே போட்டு உடைத்துவிட்டார். பந்தா இல்லை. 'நான் ஒரு மேதை' என்கிற கத்தலும் இல்லை. அதே நேரம், 'இந்த ஏழை எதற்கும் லாயக்கில்லை' என்கிற புலம்பலும் இல்லை. கூடவே நூறுக்கு மேற்பட்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். அத்தனையும் வவுச்சர்! வருஷக்கணக்காக நோட்டுப் புத்தகங்களில் தனியாக உட்கார்ந்து சேர்த்த வவுச்சர்.

 பரீட்சையில் தோற்றதை அவர் தன் கணிதத்தின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக் கொள்ளவில்லை. மூன்று ஆசாமிகளையும் அவர் தனித்தனியே வைத்திருந்தார் என்பது என் கட்சி.

இன்னொன்று. அந்தக் கடிதத்தில் எல்லாமே சரியாக இருக்கவில்லை. பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தவறானவை. அதனால் குடி முழுகிவிடவில்லை. மற்றவை ஹார்டியை உலுக்கி எடுத்துவிட்டன. பிப்ரவரியிலேயே பதில் போட்டார். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ.

நாம் எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. அந்தக் கணிதம் நமக்கு வராது. ஆனால் அந்தக் கடிதம் எழுதிய விதம் வரும்.

இந்த வாரத் தவணை

சரி, நம்ம மீட்டிங் பாம்புக்கு வருவோம். தவணை அட்டை இதோ.

முதல் வாரம், பேசவே வேண்டாம். நம்மைப் போலவே சாதாரணமாக இருந்து, நன்றாகப் பேசும் ஒருவரைக் கவனியுங்கள். எப்போது வாயைத் திறக்கிறார், எத்தனை வாக்கியம் பேசுகிறார் என்று பாருங்கள். (மூன்றுக்கு மேல் இருக்காது!)

இரண்டாவது வாரம், கையுறை. ஒரே ஒரு கேள்வி. "இந்தத் தொகை போன மாசத்துதா சார், இந்த மாசத்துதா?" என்ற அளவில் போதும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு கேட்கலாம். தமிழில் கேட்க முடிந்தால் தமிழிலேயே கேளுங்கள். மொழிப் பயத்தையும் கூட்டப் பயத்தையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். அது இரண்டு பாம்பு.

மூன்றாவது வாரம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தில் ஒரே ஒரு பதில். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். ஸ்கூட்டர் கற்றுக்கொண்ட முதல் நாளும் அடித்துக்கொண்டதுதானே?

நாலாவது வாரம், முன்கூட்டியே சொல்லிவைத்து, இரண்டு நிமிஷம் நீங்களாகப் பேசுங்கள்.

ஒவ்வொரு தவணைக்கும் ரசீது முக்கியம். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். 'நான் கலக்கிவிட்டேன்' என்று எழுதாதீர்கள். ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். 'இன்று ஒரு கேள்வி கேட்டேன், பதில் வந்தது' என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். அதை அவரால் அடிக்க முடியாது. சொதப்பினாலும் எழுதுங்கள், 'கேட்டேன், குரல் நடுங்கியது, ஆனால் கேட்டேன்' என்று. ஒரு படி பெரிதாக இருந்தால் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நான் இருந்து என்ன' என்ற நினைப்பு வருகிறது என்றால், அது தவணையில் தீர்க்கும் விஷயமில்லை. தயங்காமல் டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவதில் என்ன வெட்கமோ, அதே வெட்கம்தான் இதிலும்... அதாவது, ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. தைரியம் வந்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பது, நீச்சல் தெரிந்த பிறகு குளத்தில் இறங்கலாம் என்று கரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தண்ணீர் முழங்கால் அளவு இருக்கிற பக்கமாகப் பார்த்து இறங்குங்கள். அது போதும், இந்த வாரத்துக்கு!